போலந்தின் பழைய காற்றுத் துப்பாக்கிகள்

போலந்தின் பழைய காற்றுத் துப்பாக்கிகள் என்னும்போது சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது, அந்நாட்டின் ராதோம் நகரில் பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் செய்யப்பட்ட, சுருள்வில்லால் இயங்கும் 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிகளையே ஆகும். வெடிமருந்து இன்றி, அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஈயக் குண்டைச் செலுத்தும் இக்கருவியைப் போலிய மொழியில் வியாத்ரூஃப்கா என்பர். காற்று எனப் பொருள்படும் வியாத்தர் என்னும் சொல்லே இதன் வேர்.

தொழிற்சாலை

வார்சாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ராதோமில் 1920களில் அரசு ஆயுதத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. போலந்துப் படையினரின் விஸ் கைத்துப்பாக்கி இங்குதான் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தொழிற்சாலை ஜெனரல் வால்ட்டரின் பெயரைத் தாங்கியது. வால்ட்டர் என்பது கரோல் ஷ்வியெர்செவ்ஸ்கி என்னும் போலந்துத் தளபதி எசுப்பானிய உள்நாட்டுப் போரில் கொண்டிருந்த புனைபெயர். செருமனியின் வால்தர் துப்பாக்கி நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இங்கு செய்யப்பட்ட 170 என்னும் காற்றுக் கைத்துப்பாக்கி, அதே வால்தர் நிறுவனத்தின் எல்பி 53 மாதிரியைத் தழுவியது என்பதால் இக்குழப்பம் எளிதில் நேர்கிறது. (1963இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தின் விளம்பரப் படங்களில் சான் கானரி ஏந்தி நிற்பதும் எல்பி 53 என்னும் காற்றுத் துப்பாக்கியே.)

வில்லாளர் எனப் பொருள்படும் வூச்னிக் என்பது இத்தொழிற்சாலையின் வணிகப் பெயர். போலந்தின் பல இல்லங்களில் இப்பெயர் துப்பாக்கியைவிடத் தையல் இயந்திரத்தையே நினைவூட்டும். தட்டச்சுப் பொறிகளும் இப்பெயரில் வந்தன. பல துப்பாக்கிகளில் காணப்படும் பிரெதோம் என்னும் முத்திரை, வீட்டு உபயோக இயந்திரத் தொழில்களின் அரசுக் கூட்டமைப்பைக் குறிக்கும். 1976 சூன் 25இல் உணவுப்பொருள் விலையேற்றத்தை எதிர்த்து ராதோமில் எழுந்த போராட்டம் இத்தொழிற்சாலையின் தொழிலாளர்களிடமிருந்தே தொடங்கியது. பழைய நிறுவனம் 2000இல் நொடித்துப்போக, ஆயுத உற்பத்தி அதே ஆண்டில் புதிய நிறுவனத்துக்கு மாறியது.

இயங்கும் முறை

நீண்ட துப்பாக்கிகளில் குழலையே நெம்புகோலாகக் கீழே மடக்கும்போது, உந்துதண்டு பின்னே தள்ளப்பட்டுச் சுருள்வில் அழுந்திப் பூட்டிக்கொள்கிறது. குண்டை இட்டுக் குழலை மூடி விசையை இழுத்தால், உந்துதண்டு முன்னே பாய்ந்து தனக்கு முன்னுள்ள காற்றைக் கணப்பொழுதில் நெருக்குகிறது. அக்காற்றே குண்டைத் தள்ளுகிறது. 170 கைத்துப்பாக்கியில் சுருள்வில் கைப்பிடிக்குள் அமைந்திருக்கும்.

காற்று கசியாமல் தடுப்பது பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் உந்துதண்டின் தலையிலுள்ள தோல் வளையமே. இவ்வகைத் துப்பாக்கியின் வாழ்வும் சாவும் அத்தோலில்தான் இருக்கிறது எனலாம். பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் வைத்தால் தோல் உலர்ந்து சுருங்கும்; குண்டு வலுவிழந்து போகும். அப்போது சில துளி எண்ணெய் இட்டு, தோல் ஊறும்வரை நிறுத்திவைத்தால் பல துப்பாக்கிகள் மீளும். எண்ணெய் மிகுந்தால் வேறு தீங்கு உண்டு. நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்தால் டீசல் பொறியில் போல எண்ணெய் தீப்பற்றி வெடிக்கும். புகையும் பேரொலியும் தோன்றும். சுருள்வில் உடையவும் கூடும். சத்தம் பெரிதாகியதை வலிமை கூடியதாக எண்ணி மகிழ்வது புதியவர்கள் வழக்கம். குண்டின்றிச் சுடுவதும் தீங்கானதே. குண்டு தரும் எதிர்ப்பு இல்லாமையால் உந்துதண்டு உருளையின் முனையில் மோதும்.

சுடுதல்

சுருள்வில் துப்பாக்கி முதலில் பின்னும், உந்துதண்டு நிற்கும்போது முன்னுமாக அசையும். குண்டு குழலை விட்டு நீங்கும் முன்பே இந்த அசைவு தொடங்கிவிடுவதால், இறுகப் பிடிப்பவருக்குக் குறி சிதறும். முன்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்குவதே நன்று. 10 மீட்டர் தொலைவும் துப்பாக்கியின் சொந்தக் குறிகாட்டிகளும் இவற்றுக்குப் போதும்.

குழலை மடக்கிய நிலையில் குண்டிடும்போது பூட்டு நழுவினால் குழல் விசையுடன் மேலே பாய்ந்து விரல்களை நசுக்கும். தேய்ந்த பூட்டுள்ள பழைய கருவிகளில் இது வெறும் அச்சமன்று. ஆகவே குண்டிட்டு முடியும்வரை மறுகை குழலை விடக்கூடாது. குண்டு மேல்நோக்கிச் சென்றால் சில நூறு மீட்டர் தொலைவு போகும். கண்ணைப் பறிக்கவும், அரிதாக உயிரைப் போக்கவும் வல்லது. குண்டு ஈயமாதலால் சுட்டபின் கை கழுவுதல் வேண்டும். போலந்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, 17 சூலுக்கு மேற்பட்ட ஆற்றலுடையவையே காற்று ஆயுதமாகக் கருதப்பட்டுக் காவல்துறையிடம் பதிவுசெய்யப்பட வேண்டும்.

சேகரித்தல்

வாங்குமுன் குழலின் கீலில் பக்கவாட்டு ஆட்டம் உள்ளதா எனப் பார்ப்பர். கீல் இணைப்பின்மேல் மெல்லிய தாளை வைத்துச் சுடும்போது தாள் பறந்தால் அங்கு காற்று கசிகிறது எனப் பொருள். கீலுக்கருகே குழல் வளைந்திருப்பது, மடக்கிய நிலையில் யாரோ விசையை இழுத்ததன் அடையாளமாகும்.

பழுதுபார்ப்பதில் சேகரிப்பாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வலிமையான புதிய சுருள்வில்லும் செயற்கை வளையமும் இட்டு, மேற்பூச்சையும் மரக்கட்டையையும் புதிதாக்குவோர் ஒருசாரார். அவ்வாறு செய்தபின் முத்திரை எழுத்துகள் மழுங்கி, கருவி எக்காலத்தது என்பதே மறைந்துவிடுகிறது. தோலும் சுருள்வில்லும் தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றை மாற்றலாம், கழற்றியதையும் எறியாமல் வைக்கலாம். முத்திரை, மேற்பூச்சு, கட்டை ஆகியன மாற்றினால் மீளா. சுருள்வில் உள்ளே முன்னழுத்தத்துடன் இருப்பதால், பிடிகருவியின்றிப் பின்மூடியைத் திருகினால் அது முகத்தில் பாயும்.

சுருள்வில்லைத் தளர்த்திய நிலையில், உலோகப் பகுதிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பர். தோலுறையில் நெடுநாள் வைத்தல் கூடாது. உறை ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.