ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில உதவி மொழி ஆசிரியர்: கற்பித்தலும் அன்றாட மொழி வாழ்வும்

முன்னுரை

அயல்நாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவர், வகுப்பறையில் மொழி வல்லுநராகவும் வெளியே எழுத்தறியாதவராகவும் ஒரே நாளில் வாழ நேர்கிறது. ஜப்பானில் இம்முரண் தெளிவாகப் புலப்படுகிறது. ஜப்பானிய அரசு 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஜெட் திட்டம், முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்தது. பின்னர் பல நாடுகளுக்கு விரிந்த இத்திட்டத்தில் பெரும்பாலோர் உதவி மொழி ஆசிரியர்களாகவே பணிபுரிகின்றனர். இப்பணிக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். ஆசிரியப் பயிற்சியோ ஜப்பானிய மொழியறிவோ கட்டாயமில்லை. ஜப்பானிய மொழியறியாமை இவர்தம் கற்பித்தலை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முன்னோடி ஒருவர்

இந்நிலை புதிதன்று. லாஃப்காடியோ ஹெர்ன் 1890இல் மாத்சுயே நகரில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கொய்சுமி யாகுமோ ஆனார். பதினான்கு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தும் ஜப்பானிய நூல்களைத் தாமே சரளமாகப் படிக்கும் நிலையை அவர் எட்டவில்லை. மனைவி செத்சு வாய்மொழியாகக் கூறிய கதைகளே அவருடைய நூல்கள் பலவற்றுக்கு மூலம். வேற்றுமை உருபுகளை விடுத்தும் வினைகளைத் திரிக்காமலும் இருவரும் பேசிய வீட்டுமொழி, ‘ஹெருன் சான் கொதொபா’ (ஹெர்ன் அவர்களின் மொழி) என்றே பெயர் பெற்றது. ஆங்கிலம் கற்பித்தவர் தம் இல்லத்தில் மழலை பேசினார் என்பது நகைப்புக்குரியதன்று. அம்மழலையே அவருக்கு அந்நாட்டைத் திறந்துவிட்டது.

எழுத்தறியாமை

இன்றைய உதவி ஆசிரியரின் முதல் தேர்வு பெரும்பாலும் குப்பையிலிருந்தே தொடங்குகிறது. எரிவன, எரியாதன, மறுசுழற்சிக்குரியன எனப் பிரித்து, உரிய கிழமையில், பல ஊர்களில் குறிப்பிட்ட பையிலேயே வைத்தல் வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். அக்கம்பக்கத்தார் கைமாற்றிக்கொள்ளும் ‘கைரன்பன்’ என்னும் சுற்றறிக்கைப் பலகை வாயிலுக்கு வந்தால், அதைப் படிக்க இயலாதவர் அடுத்த வீட்டில் கொடுக்கத் தாமதிக்கிறார். மொழிக்குறை நடத்தைக்குறையாகத் தோன்றிவிடுகிறது. ஜப்பானியச் சிறார் தொடக்கப்பள்ளியின் ஆறாண்டுகளில் 1026 காஞ்சி எழுத்துகளைக் கற்கின்றனர். அந்த அறிவிப்பில் ஆசிரியரைவிட அவருடைய மாணவரே மிகுதியாகப் படித்தறிவர்.

வகுப்பறையில் விளைவு

2020ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் அயல்மொழிச் செயல்பாடுகளும், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் மதிப்பீட்டுக்குரிய பாடமும் நடைமுறையில் உள்ளன. உதவி ஆசிரியர் ஜப்பானிய ஆசிரியருடன் இணைந்தே கற்பிக்கிறார். ஆங்கிலம் மட்டுமே பேசினால் மாணவரும் ஆங்கிலம் பேசுவர் என்னும் எண்ணத்தால் அவர் ஜப்பானியம் கற்பதை ஊக்குவிக்காத போக்கும் உண்டு. இது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

ஒலிப்பைக் காண்க. ‘ஸ்ட்ரைக்’ என்னும் ஓரசைச் சொல் ஜப்பானியரிடம் ‘சு-தொ-ர-இ-கு’ என ஐந்து ஒலியலகாகிறது. ஜப்பானியம் அறியாத ஆசிரியர் இதனைக் கவனக்குறைவு எனத் திருத்துவார். கதகனா எழுத்தை அறிந்தவரோ மெய்ம்மயக்கத்தை ஏற்காத மொழியின் ஒழுங்கெனக் காண்பார். தமிழாய்வாளருக்கு இது விளங்காத செய்தியன்று. மெய் மொழிமுதல் வாராது என்னும் தொல்காப்பிய மரபும், பேச்சில் ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’ என ஒலிப்பதும் இதே வகையின. வினையை இறுதியில் நிறுத்தும் தொடரமைப்பும் இரு மொழிக்கும் பொது. இதற்கு ஓனோ சுசுமுவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை ஏற்கவேண்டியதில்லை; மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவுமில்லை.

இதனினும் நுட்பமானது ‘ஹை’ என்னும் சொல். ‘ஆம்’ என்பது அதன் அகராதிப் பொருள். ஆயினும் பல இடங்களில் அது தமிழில் கதை கேட்போர் ‘உம்’ கொட்டுவது போன்றது. கேட்கிறேன் என்று உணர்த்துமேயன்றிப் புரிந்தது என்று உறுதி கூறாது. புதிய ஆசிரியர் ‘புரிந்ததா?’ என வினவ, வகுப்பு முழுவதும் ‘ஹை’ என்கிறது, பாடம் நகர்ந்துவிடுகிறது. பின்தங்கிய மாணவர் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறார்.

வகுப்புக்குப் புறம்பே

பள்ளி உணவை மாணவரே பரிமாறி வகுப்பறையிலேயே உண்பதும், பின்னர் அனைவரும் கூடித் தூய்மை செய்வதும் வழக்கம். இவ்வேளைகளில் உதவி ஆசிரியரின் பிழைமிகு ஜப்பானியத்தைச் சிறுவர் திருத்துகின்றனர். பிழைக்கு அஞ்சி ஆங்கிலத்தில் வாய்திறவாத மாணவர், தம் ஆசிரியரும் பிழைசெய்து தொடர்ந்து பேசுவதைக் காண்பது இங்கேதான். பாட அட்டவணையில் இதற்கு இடமில்லை.

ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது, நீட்டித்தாலும் ஜெட் திட்டத்தில் ஐந்தாண்டே எல்லை. ‘ஹை’ என்பதன் பொருள்வேறுபாட்டை உணரத் தொடங்கியவர் நாடு திரும்புகிறார். அவரிடத்துக்கு வருபவர் மீண்டும் குப்பை அட்டவணையிலிருந்தே தொடங்குகிறார்.