மீன் கூடைக்குள் ஒரு மாத்திரைப் புட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் அரசு மருந்தாளுநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின்னரும் மருந்துச் சீட்டுடன் வீடு தேடி வருவோர் குறையவில்லை. சில மாதங்களுக்கு முன்பு, வாடிக்கையாக மீன் கொண்டு வரும் அம்மையார் கூடையைத் திண்ணையில் இறக்கி வைத்தார். அதில் பாதிக்குப் பேச்சாளை, மீதி நெத்திலி. மீனுக்கு மேலே, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு மாத்திரைப் புட்டி.

"மீன் எண்ணெய் மாத்திரையாம் சார். சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு தவணையில குடுத்துச்சு. எம் மக முழுகாம இருக்கா. அவளும் சாப்பிடலாமா?" என்று கேட்டார். விலை தொள்ளாயிரம் ரூபாய். சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையை மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். "அது குமட்டுதுன்னு டப்பாவுல போட்டு வச்சிருக்கா" என்றார்.

ஊட்டச்சத்து மாத்திரைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஏறக்குறைய முழுவதும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மாத்திரை அவருக்குத் தேவைப்படவில்லை. விலையில்லாமல் கிடைத்த மாத்திரையோ அவர் மகளுக்கு இன்றியமையாதது. ஒரு சத்து மாத்திரை பயன்படுமா என்பதை அந்த மாத்திரையின் பெருமை தீர்மானிப்பதில்லை. அதை உண்பவரின் உடலில் எந்தக் குறை இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

முதலில் மீன் எண்ணெய்க் கணக்கைப் பார்ப்போம். கடைகளில் பரவலாக விற்கும் 1,000 மில்லி கிராம் மாத்திரை ஒன்றில், பயன் தரும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 300 மில்லி கிராம் அளவுக்கே இருக்கும். 100 கிராம் பேச்சாளையில், அதாவது மத்தியில், பருவத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் சுமார் ஒரு கிராம் கிடைக்கிறது. அதாவது மூன்று மாத்திரைக்கு ஒரு வேளைக் குழம்பு ஈடு. குழம்பில் புரதமும் பி12-ம் இலவச இணைப்பு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியானால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

மாத்திரையால் இதயம் காக்கப்படுமா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்த 'வைட்டல்' ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. நாளொன்றுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரையோ, 2,000 யூனிட் வைட்டமின் டி-யோ உட்கொண்டவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் இதய நோய்களின் மொத்தக் கணக்கிலும் புற்றுநோயிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் அதிக அளவில் எழுதிக் கொடுக்கும் சுத்திகரிக்கப்பட்ட வகை வேறு, அது மருந்து.

எங்கள் கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விசைப்படகுகளின் வலையில் சிக்கும் சிறுமீன்களில் பெரும்பகுதியைச் 'சங்காயம்' என்று ஒதுக்கி, வெயிலில் உலர்த்திக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிடுகிறோம். ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு வரக்கூடிய மீன் லாரியேறிப் போகிறது. அதே தெருவுக்கு மீன் எண்ணெய் புட்டியில் அடைபட்டு வருகிறது.

இனி அந்தச் சிவப்பு மாத்திரை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. மீன் மலிந்த கரையிலுமா என்று வெளியூர் நண்பர்கள் வியப்பார்கள். நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும். எஞ்சியது வீட்டில் எல்லோரும் உண்ட பிறகே பெண்ணின் தட்டுக்கு வரும். கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள்கள் அதை உட்கொள்ள வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்றாக நீல மாத்திரை பள்ளியிலேயே கிடைக்கிறது.

முருங்கைக் கீரையும் சாயல்குடிக் கருப்பட்டியும் இருக்க மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் விரும்பி உண்பவன்தான் நான். ஆனால், கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஈர்த்துக்கொள்கிறது. கருப்பட்டி எவ்வளவு நல்ல பெயர் பெற்றிருந்தாலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்ட கர்ப்பிணியை இவற்றைக் கொண்டு மட்டும் பிரசவத்துக்குள் மீட்டெடுக்க முடியாது. ரத்தசோகையோடு பிரசவ அறைக்குள் செல்லும் பெண்ணுக்குச் சாதாரண உதிரப்போக்குகூட உயிருக்கு ஆபத்தாக முடியும்.

மாத்திரை குமட்டுவது உண்மை. மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். முன்கூட்டியே யாரும் சொல்லாததால், ஏதோ கேடு என்று பயந்து பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். இரவு உணவுக்குச் சற்றுப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். எலுமிச்சைச் சாறு இரும்பு சேர்வதற்குத் துணை செய்யும், தேநீர் தடுக்கும். கால்சியம் மாத்திரையை இதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். வெளிநோயாளிகள் வரிசையில் அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை. பல நாள்கள் நானும் சொல்லாமலேயே மாத்திரையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. சிசுவின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் உணரும்போது அந்தக் கட்டம் முடியும் தறுவாயில் இருக்கும். ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் நடத்திய சோதனையில், ஃபோலிக் அமிலம் அது மீண்டும் வருவதை 72 விழுக்காடு குறைத்ததாக 1991-இல் தெரியவந்தது. எனவே, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதைத் தொடங்க வேண்டும். மருந்துக் கடையில் இதைவிட மலிவான மாத்திரை அரிது.

மூன்றாவது சத்து நம் சமையலறை உப்பு ஜாடியிலேயே இருக்கிறது. கடலுப்பில் அயோடின் இயல்பாகவே உண்டு என்று எங்கள் பகுதியில் படித்தவர்களும் நம்புகிறார்கள். கடல்நீரில் உள்ள சிறிதளவு அயோடினும், பாத்தியில் உப்பு விளையும்போது பெரும்பாலும் அதில் தங்குவதில்லை. 1956 முதல் இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர், சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்துச் சோதித்தார்கள். அயோடின் உப்பு உண்ட ஊர்களில் கழுத்துக் கழலை குறைந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குப் பின்புலம் அந்தச் சோதனைதான். கழலை கண்ணுக்குத் தெரியும்; கருவில் அயோடின் குறைந்த குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றுவது கண்ணுக்குத் தெரியாது. இதே மாவட்டத்தின் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் அயோடின் உப்பையும், அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பையும் உற்பத்தி செய்கிறது. பிந்தையது பள்ளிச் சத்துணவுக்கும் செல்கிறது. அப்படியிருந்தும் உப்பளத்து ஓரத்திலேயே அயோடின் சேராத கல்லுப்பை மூட்டையாக வாங்கி, 'இயற்கை' என்று மகிழ்வோர் பெருகி வருகிறார்கள். அதிக உப்பு ரத்த அழுத்தத்துக்குக் கேடு என்பது வேறு செய்தி. உண்ணும் குறைந்த உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

பி12 மாத்திரை, மீனும் முட்டையும் தொடாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கும் தேவைப்படலாம். கால் மரத்துப்போவதையெல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடாமல், ஒருமுறை பி12 அளவைப் பார்ப்பது நல்லது. வைட்டமின் டி குறைபாடு பரிசோதனையில் உறுதியானால் மருத்துவர் வாரம் ஒன்றாக 60,000 யூனிட் சில வாரங்களுக்கு எழுதுவார். அந்தச் சீட்டையே பத்திரப்படுத்தி ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வைட்டமின் மிகுந்தால் உடலில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும்.

மற்றவற்றில் பெரும்பாலானவை பணத்துக்குக் கேடு. சில உடலுக்கும் கேடு. கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கிப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகரித்ததாக 1994-இல் வெளியான ஆய்வு கூறியது. கேரட்டில் உள்ளது மாத்திரையிலும் உள்ளது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

எங்கள் கடலிலிருந்தே இப்போது ஒரு புதிய சரக்கு வருகிறது: கடற்பாசி மாத்திரை. விரல்களில் துணி சுற்றி மூச்சடக்கிப் பாறை இடுக்குகளில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பாம்பன் பகுதிப் பெண்களை அறிந்தவன் என்பதால், பாசிக்கு மதிப்புக் கூடுவது எனக்கு மகிழ்ச்சியே. முந்தைய தலைமுறையினர் கஞ்சிப் பாசியைக் காய்ச்சி உண்டார்கள், அது உணவு. ஒருகாலத்தில் மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் மூட்டுவலி போன்றவற்றுக்குப் பாசிச் சாற்றுப் பொருள்களை உருவாக்கியிருக்கிறது. ஊர் பேர் தெரியாத பாசித் தூள் அப்படிப்பட்டதன்று. பாசிக்குப் பாசி அயோடின் அளவு பல மடங்கு மாறும். தைராய்டு நோயாளி மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அம்மையாரின் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சட்டப்படி அச்சிட வேண்டிய 'மருத்துவப் பயன்பாட்டுக்கானதன்று' என்ற வாசகம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். "அப்ப மூட்டுவலிக்குன்னு குடுத்தாளே?" என்றார். மகளை மறுநாளே சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. மருத்துவர் சிவப்பு மாத்திரையை நாளுக்கு இரண்டாக்கி, குடற்புழு மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதத்தில் 10.3. புட்டிக்கான தவணையில் இன்னும் இரண்டு பாக்கி இருப்பதாகப் போன வாரம் நெத்திலி கொண்டு வந்தபோது சொன்னார்.