வேப்பங்கொட்டை இருக்க விஷப் புட்டி எதற்கு?

கத்தரி, வெண்டை, அவரை என்று கொல்லையில் நாலு செடி வைத்தால் கூடவே புழுவும் குடிவந்துவிடுகிறது. உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடித்துவிட்டு, மிச்சப் புட்டியைப் பரணில் வைக்கிறோம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது தேவைதானா, சகோதரிகளே?

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வயல்கள் பல போய்த் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஆனாலும் தெருவுக்குத் தெரு வேப்பமரம் இருக்கிறது. ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பெருக்கிக் கொட்டிவிடாதீர்கள். சதையைக் கழுவிவிட்டு, கொட்டையை நிழலில் காய வைத்து, துணிப்பையில் கட்டித் தொங்க விடுங்கள்.

செய்முறை சுலபம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, மெல்லிய துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறப் போடுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்து வடிகட்டி, கரைசல் இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்பு கரைத்துக்கொள்ளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் 5 சதவீதக் கரைசல் இதுதான். அன்றே தெளித்துவிட வேண்டும், அதுவும் சாயங்காலத்தில். புழுவைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற சத்து வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். ஷிப்டுக்குப் போகிற பெண்களுக்கும் இது வசதி. காலையில் ஊறப் போட்டால் வீடு திரும்பியதும் தெளித்துவிடலாமே!

"என்னக்கா, நேத்து அடிச்சும் புழு நெளியுதே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். நெளியத்தான் செய்யும். வேம்பு உடனே கொல்லும் விஷமல்ல. கசப்பினால் புழு இலையைத் தொடாது. தொட்ட குட்டிப் புழு தோலுரிக்க முடியாமல் சில நாளில் மடியும். 1962-ல் தில்லியில் விஞ்ஞானி பிரதானும் அவருடைய குழுவினரும், வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகூடத் தின்னாமல் விடுவதைக் காட்டினார்கள். ஆகவே புழு நெளிகிறதா என்று பார்க்காதீர்கள். இலையில் புது ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் போதும்.

கத்தரியின் நுனிக் குருத்து வாடித் தொங்கினால் மட்டும் தெளித்துப் பயனில்லை. புழு தண்டுக்குள் இருக்கிறது. அந்தக் குருத்தையும், ஓட்டை விழுந்த காயையும் கிள்ளி அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: இலை, தழை என்றாலே ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிலர் அடிக்கும் புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டியதால் ஏற்பட்ட கடும் பாதிப்பை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். எனவே வேப்பங்கரைசலையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தெளித்த காய்களை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.