மெடிக்கல்ல வாங்குற சொட்டு மருந்தே மூக்கை அடைக்கும்! 'சைனஸ்'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க

திருப்பூர்:

பனியன் கம்பெனிகளில் "எனக்கு சைனஸ் இருக்குதுங்க" என்று சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். நிட்டிங்கில் பஞ்சு பறக்கும். ரைசிங் மிஷின் பக்கம் போனால் தலைமுடியே வெள்ளையாகி விடும். ஓவர்லாக், கட்டிங், செக்கிங் என்று எங்கே நின்றாலும் மூக்குக்குள் தூசி போகத்தான் செய்யும். சாயங்காலம் ஆனால் தும்மல், மூக்கடைப்பு, தலைபாரம்.

இதற்குப் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியம், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஒரு குட்டி பாட்டில். மூக்கில் 2 சொட்டு விட்டால் 5 நிமிஷத்தில் மூச்சு சும்மா ஜில்லென்று போகும். இதை எழுதும் நிருபரின் சட்டைப் பையிலும் ஒரு காலத்தில் அந்த பாட்டில் இருந்தது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது!

மூக்கின் உள்பக்கம் முழுக்க மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைந்த ஈரமான சவ்வு இருக்கிறது. ஜலதோஷம், தூசி, அலர்ஜி வந்தால் அது வீங்கும். அதுதான் அடைப்பு. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று லேபிளில் போட்டிருக்கும் சொட்டு மருந்துகள் அந்த ரத்தக்குழாய்களை இறுக்கிச் சுருங்க வைக்கின்றன. வழி திறக்கிறது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு மறுபடி வீங்கும்.

போனால் 5 நாள் வரை இதை விடலாம். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்பை விட அதிகமாக வீங்க ஆரம்பிக்கும். 2 சொட்டு 4 சொட்டாகும். ராத்திரி தலையணைக்கு அடியில் பாட்டில் இல்லாவிட்டால் தூக்கம் வராது. இப்போது மூக்கை அடைப்பது ஜலதோஷம் அல்ல, அந்த சொட்டு மருந்தேதான்! பி.பி. இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

இதிலிருந்து வெளியே வரலாம். காது மூக்கு தொண்டை டாக்டர்கள் சிலருக்கு முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்தச் சொல்வார்கள். கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவார்கள். ஸ்டீராய்டு என்றதும் பயந்து போய் பாதியில் விட்டு விடுகிறவர்கள் நிறைய. மூக்கில் அடிக்கிற அளவு ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் உடனே கேட்காது, முழுப்பலன் தெரிய 2 வாரம் ஆகும். வலது மூக்குக்கு இடது கையாலும், இடது மூக்குக்கு வலது கையாலும் அடிக்க வேண்டும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும்.

தலைவலி எல்லாம் சைனஸ் அல்ல

கன்னம், நெற்றி, கண்ணுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் என்று 4 ஜோடி காற்றறைகள் நம் முகத்துக்குள் இருக்கின்றன. அவைதான் சைனஸ். எல்லாருக்கும் உண்டு, அது நோயின் பெயர் அல்ல. அதில் ஊறும் சளி மூக்கு வழியாக இறங்கும் வாசல் அடைபட்டு, உள்ளே புண்ணாகிச் சீழ் பிடித்தால்தான் வியாதி.

சளியோ மூக்கடைப்போ இல்லாமல் தலை மட்டும் வலித்தால், வெளிச்சம் பட்டால் தாங்கவில்லை, வாந்தி வருகிறது என்றால் அது அனேகமாக ஒற்றைத் தலைவலி. அதற்கு வருஷக்கணக்கில் சைனஸ் மாத்திரை தின்று கொண்டிருப்பவர்கள் உண்டு. மருந்து வேறு, அவ்வளவுதான்.

சாதாரண சளி 10 நாளில் தானாகப் போய்விடும், ஆண்டிபயாடிக் வேண்டியதில்லை. 12 வாரம் தாண்டியும் அடைப்பு, சளி, வாசனை தெரியாமை இருந்தால் டாக்டர் மெல்லிய குழாய் கேமராவை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் உஷார்!

இரண்டு பக்கமும் மாறி மாறி அடைப்பது சகஜம். ஒரே பக்கம் அடைத்து ரத்தம் கசிந்தால் தள்ளிப் போடக்கூடாது, கட்டியாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லின் சொத்தை காரணமாக இருக்கலாம். குழந்தைக்கு ஒரு பக்கம் நாறினால் உள்ளே ஏதோ போட்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டன் பேட்டரி போட்டிருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கை அரித்துவிடும், அன்றைக்கே ஓட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2021-ல் கொரோனா 2-வது அலையில் கருப்பு பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பது மறந்திருக்காது. கன்னம் மரத்துப் போவது, ஒரு கண் வீங்குவது, மேல் பல் ஆடுவது, மூக்கில் கருப்புப் பொருக்கு - இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. அது கொரோனாவோடு போன வியாதி அல்ல. சர்க்கரை ஏறினால் இன்றைக்கும் வரும்.

'சதை' திரும்ப வளருமா?

"ஆபரேஷன் பண்ணாலும் மறுபடி சதை வளரும்ங்க, வீண் செலவு" என்ற பேச்சைக் கேட்டே பலர் மூச்சு முட்டிக் கொண்டு இருக்கிறார்கள். பாதி உண்மை. எண்டோஸ்கோப் ஆபரேஷனில் முகத்தில் கத்தி படாது. மூக்கு வழியாகவே சதையை எடுத்து அடைபட்ட வாசலைத் திறப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம். ஆனால் சதை வளர வைக்கிற அலர்ஜியை கத்தியால் வெட்டி எடுக்க முடியாதே! ஆபரேஷன் முடிந்த பிறகு ஸ்பிரேயும் உப்புத் தண்ணீர் கழுவலும் விட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறது.

மூக்கில் சதையோடு வீசிங்கும் இருப்பவர்கள் ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை கேட்காமல் போடக்கூடாது. சிலருக்கு மூச்சே நின்று போகும் அளவுக்கு வீசிங் வந்து விடும்.

மூக்கு கழுவ ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கூடாது. கேரளாவில் 2024-ல் உயிர்களைப் பறித்த மூளையைத் தின்னும் அமீபா, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

சம்பளம் போகுமே என்ற கவலையா?

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் பஞ்சுத் தூசிக்குள் போகக்கூடாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, போதுமான நாள் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றுடன் எடுக்கும் மருத்துவ விடுப்புக்கு சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சிகிச்சைச் செலவும் இ.எஸ்.ஐ. பொறுப்பு. பிடித்தம் இல்லாதவர்களுக்கு தாராபுரம் ரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேறு இடத்தில் ஆபரேஷன் என்றால் முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் முதலிலேயே கேட்டு விடுங்கள்.

போகும்போது பழைய சீட்டு, ஸ்கேன் இருந்தால் அது, அப்புறம் அந்த சொட்டு மருந்து பாட்டில் - மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாசமாக விடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.