லயத்துக்குப் பின்னால் தொடங்கும் காடு

பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவரிடம், "உங்கள் தோட்டத்தில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன?" என்று கேட்டோம். "காக்கா, மைனா, காட்டுக்கோழி" என்று மூன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருடைய லயத்துக்குப் பின்னால் சில தேயிலை நிரைகளைத் தாண்டினால் காடு. அந்தக் காட்டுப் பறவைகளைக் காண்பதற்காகவே வெளிநாட்டவர் விமானம் ஏறி வருகின்றனர். நம்மவருக்கோ அது விறகு பொறுக்கும் இடம். அட்டை கடிக்கும் இடம். புலி வரும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் இடம். இந்த இடைவெளியைச் சற்றேனும் குறைக்கலாம் என்ற எண்ணத்தோடுதான், பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்பட்டோம். இளைஞர் எண்மர், கொழுந்து பறிக்கும் சகோதரிகள் மூவர், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான பெரியவர் ஒருவர், நாம் என எல்லோருமாகப் பதின்மூன்று பேர்.

பாதையும் அதன் வரலாறும்

அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்பட்ட வான், நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக அம்பேவலையை அடைந்து, பட்டிப்பொலவைத் தாண்டி மேலேறியது. வழி நெடுகிலும் தேயிலைதான். "இவ்வளவும் ஒரு காலத்துல காடுதான் சாமி. எங்க பாட்டன் பூட்டன்தான் வெட்டுனாங்க" என்றார் பெரியவர். அவர் சொன்னது வரலாற்று உண்மை. ஆங்கிலேயர் காலத்தில் முதலில் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்த பின் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் கைகள். வெட்டச் சொன்ன வாய் வேறு.

மிச்சக் காடு எவ்வாறு தப்பியது? 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் சேர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடைசெய்யப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றுள் முதலிரண்டும் ஏறக்குறைய ஒரே தொடர்ச்சியானவை. அத்தொடர்ச்சி நமது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தென்புறமாகவே செல்கிறது. நாம் வானில் சுற்றிச்சுற்றிச் சென்று பார்த்தது வேறெங்கோ உள்ள காடு அன்று. நம் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் காட்டின் மறுமுனையே.

கண்டவையும் கேட்டவையும்

நுழைவாயிலில் பூங்கா ஊழியர்கள் நமது பைகளைத் திறந்து, உணவைச் சுற்றியிருந்த பொலித்தீனை அகற்றிக் கடதாசியில் சுற்றித் தந்தார்கள். இளைஞர் சிலர் முகம் சுளித்தனர். சற்று தூரம் சென்றதும் காரணம் புரிந்தது. உணவுக்காக மனிதரை அண்டிவந்து பழகிப்போன மரைகள் சில பாதையோரம் நின்றன. காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது, அந்த விலங்கை குப்பை தின்னவும் கையேந்தவும் பழக்குவதாகும்.

காலைக் குளிரில் காட்டுக்குள்ளிருந்து மெல்லிய, கூர்மையான சீழ்க்கையொலி ஒன்று கேட்டது. அது இலங்கைச் சீழ்க்கைக் குருவி. சிங்களத்தில் 'அறங்கா' என்பர். உலகில் இலங்கையின் மலைநாட்டில் மாத்திரமே வாழும் அரிய பறவை. விடியலிலும் அந்தியிலுமே அதிகம் குரல் கொடுக்கும். கால் மணி நேரம் மூச்சடக்கி நின்றோம். குரல் கேட்டது, உருவம் தெரியவில்லை. பறவை பார்ப்பதில் பாதி, காது கொடுத்துக் கேட்பதுதான் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

அதன் பின் மங்கிய நீலநிற ஈப்பிடிப்பான், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலங்கை வெள்ளைக்கண்ணி, காதருகே மஞ்சள் இறகுக் கற்றையுள்ள கொண்டைக்குருவி ஆகியவற்றைக் கண்டோம். இம்மூன்றும் இலங்கைக்கே உரியவை. மஞ்சட்காதுக் குருவியைக் கண்டதும், மூன்று பறவைகளின் பெயரோடு நிறுத்திக்கொண்ட அதே இளைஞர், "இது எங்க மலையிலயும் கத்துதே!" என்று துள்ளினார். அன்று மாலைக்குள் அவருடைய கொப்பியில் பதினொரு பறவைகளின் விபரம் ஏறியிருந்தது.

சிறுத்தையை நாம் காணவில்லை. ஆனால் நடைபாதையில், மரையின் மயிர் கலந்த அதன் எச்சத்தைக் கண்டோம். ஈர மண்ணில் ஒரு கால் தடத்தைச் சுட்டிக்காட்டிய பெரியவர், "நாய்த் தடத்துல நகம் பதியும். இதுல நகமே இல்ல பாருங்க. புலி நகத்த உள்ள இழுத்துக்கிட்டு நடக்கும்" என்றார். புத்தகம் படித்த நாம், எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் பாடம் கேட்டு நின்றோம்.

காடு இல்லாவிடில் நமக்கென்ன?

பயணத்தில் வந்த சகோதரி ஒருவர், "குருவியும் புலியும் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சாமி? நம்ம வயித்துப்பாடு அதால மாறுமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் காட்டைக் காப்போம் என்று பேசுவது வீண்பேச்சு.

இந்த உயரத்திலுள்ள மரங்கள் குட்டையாக, முறுக்கேறி, பாசி போர்த்து நிற்கின்றன. மழை பெய்யாத நாளிலும் முகில் இந்த இலைகளிலும் பாசியிலும் மோதித் துளியாகிச் சொட்டுகிறது. இலைமக்கு மூடிய மண் அதைக் கடற்பஞ்சைப் போல் உறிஞ்சி வைத்து, வரண்ட மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளி நீர் கொடுக்கிறது. நம் பக்கத்துக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைகளோ கெசல்கமுவ ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, மின்சாரமாகி, களனி கங்கையோடு கொழும்பு வரை குடிநீராகச் செல்கின்றன. லயத்துப் பீலியில் வரும் தண்ணீரும் அந்த ஓடைகளின் தண்ணீர்தான். காடு போனால் முதலில் வரளுவது கொழும்பின் குழாய் அன்று, நமது பீலி.

சுருக்குக் கம்பி

திரும்பும் வழியில் வானில் அமைதி நிலவியபோது, சுருக்குக் கம்பியைப் பற்றிப் பேசினோம். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்துபோனது. மலைநாட்டில் இவ்வாறு மாண்ட சிறுத்தைகள் பல. கம்பி பன்றிக்கு வைக்கப்படுகிறது. ஆனால் வருவது யார் என்று கம்பி பார்ப்பதில்லை. சிறுத்தை இழுக்க இழுக்க, கம்பி இடுப்பில் இறுகி உள்ளுறுப்புகளைச் சிதைக்கிறது. விடுவித்த பின்னும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது தண்டனைக்குரிய குற்றமுமாகும். நீதிமன்றம் ஏறுபவர் ஓர் ஏழைக் குடும்பத்தின் உழைப்பாளி.

அப்போது ஓர் இளைஞர் தலை குனிந்தபடி, "நானும் வச்சிருக்கேன் சாமி" என்றார். "ராவோட ராவா பன்றி வந்து பாத்தியையே உழுதிட்டுப் போகுது. லீக்ஸும் போச்சு, கிழங்கும் போச்சு. கடன் யாரு கட்டுறது?" வானில் எவரும் பேசவில்லை. அவரைக் குற்றவாளியாக்குவது எளிது. அவருடைய பாத்தியைக் காப்பது கடினம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, லயத்துக் குப்பையையும் உணவுக் கழிவையும் திறந்த வெளியில் கொட்டாது குழியில் புதைப்போம். குப்பை பன்றியையும் தெருநாய்களையும் அழைக்கிறது. அவை சிறுத்தையை அழைக்கின்றன. இரண்டாவதாக, மரக்கறிப் பாத்திகளை ஆளுக்கொரு மூலையில் போடாமல் சேர்த்துப் போட்டு, பொதுவாக வேலி கட்டி, அறுவடைக் காலத்தில் முறைவைத்துக் காவல் இருப்போம். மூன்றாவதாக, தேயிலை நிரையில் சிறுத்தைக் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகி, தோட்ட அலுவலகத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிப்போம். தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். நான்காவதாக, மாதம் ஒருமுறை விடியற்காலையில் இளைஞர் குழுக்கள் தம் தோட்டத்துக் காட்டோரத்திலேயே நடந்து, கண்டதைக் கொப்பியில் குறிக்கட்டும். அதற்கு வானும் வேண்டாம், நுழைவுக் கட்டணமும் வேண்டாம்.

இவை மாத்திரம் போதா. பன்றியால் அழியும் ஏழையின் பயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தோட்ட நிர்வாகங்களிடமும் அதிகாரிகளிடமும் நாம் சேர்ந்தே கேட்க வேண்டும். உலகம் மெச்சும் காட்டைக் காக்கும் செலவை, லயத்து அறையில் வாழ்பவர் மாத்திரம் சுமப்பது நீதியாகாது.

இரண்டு வாரங்களின் பின் அந்த இளைஞர் நம் வாசலுக்கு வந்தார். கையில் சுருட்டிய கம்பிகள் மூன்று. அவற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இத நீங்களே வச்சுக்குங்க சாமி. பன்றிக்கு என்ன செய்றதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை அவருடைய பாத்தியைச் சுற்றி வேலி போட ஒன்பது பேர் கூடினோம். வேலி பாதிதான் முடிந்திருக்கிறது. கம்பிகள் இன்னும் நம் மேசையில் கிடக்கின்றன.