ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஏன் தனிச் சுவை?

சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீடு. செவ்வாய்க்கிழமை இரவு வைத்த கோழிக்கறிக்கும் ஞாயிறு மதியம் இறக்கிய ஆட்டுக்கறிப் பெரட்டலுக்கும் மசாலைத் தூள் ஒன்றுதான். வெங்காயம் ஒன்றுதான், சமைத்த கையும் ஒன்றுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறி ஏதோ ஒரு வகையில் மேலாகத்தான் இருக்கும். ஆட்டுக்கறி என்பதால் மட்டும் வந்த சுவையல்ல அது. நேரம்தான் காரணம். வேலை நாளில் அடுப்புக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஞாயிறன்றோ, காலையில் பசியாறியதும் ஏற்றிய அடுப்பு நண்பகல்வரை எரியும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் குவாலிக்குள் நடக்கும் வேதியியல் அவசரத்துக்குக் கட்டுப்படாது.

இதே கணக்கில் ஞாயிறு விருந்து சமைக்கும் இன்னொரு நாடு, உலகின் மறுகோடியில் இருக்கிறது. ஜமைக்காவில் ஞாயிறு என்றால் தேங்காய்ப் பாலில் பயறு சேர்த்துப் பொங்கிய சோறும், சிவக்க வதக்கிய கோழியும், விசேஷமென்றால் ஆட்டுக்கறியும்தான். இரண்டு ஊர்ச் சாப்பாட்டையும் இணைப்பது கரும்பு.

கரும்பு வகுத்த வாரம்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கிறது சிம்பாங் அம்பாட். அக்கம்பக்கத்தில் பத்து காவான், வால்டோர், நிபோங் திபால். பிரிட்டிஷார் காலத்தில் புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரம், 19ஆம் நூற்றாண்டில் மலாயாவின் முக்கியக் கரும்பு நிலம். ஜமைக்காவில் கரும்புத் தோட்டத் தொழிலைப் பழகிய லெனார்டு ரே என்ற ஆங்கிலேயர் பின்னர் இங்கும் வந்து கரும்பு பயிரிட்டார். இரண்டு இடங்களின் அனுபவத்தையும் சேர்த்து அவர் எழுதிய கரும்புத் தொழில் நூல் 1848இல் லண்டனில் வெளியானது.

தொழில்நுட்பத்தில் ஒரு பங்கு ஜமைக்காவிலிருந்து வந்தது. உழைப்பில் பெரும்பங்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தது. அதே காலத்தில் ஜமைக்காவுக்கும் இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அடிமைமுறை 1838இல் முழுமையாக முடிவுக்கு வந்தபின், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க இந்தியாவை நாடினார்கள். முதல் கப்பல் 1845 மே 10 அன்று ஓல்ட் ஹார்பர் பே துறையை அடைந்தது. 1917வரை ஏறத்தாழ 36,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள்; சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தென்னிந்தியர்களும் உண்டு. ஜமைக்காவின் ஆட்டுக்கறி மசாலா இவர்கள் கொண்டுபோனது.

அடிமைமுறை நடந்த காலத்தில் ஜமைக்காவின் ஆப்பிரிக்க மக்களுக்குத் தங்கள் சொந்தக் கொல்லையில் பயிர் பார்க்கவும் சந்தைக்குப் போகவும் கிடைத்த நாள் ஞாயிறு. மலாயாத் தோட்டத்து லயங்களிலும் நின்று நிதானமாகச் சமைக்க வாய்த்த நாள் பெரும்பாலும் அதுதான். நேரம் கேட்கும் உணவுகள் அந்த ஒரு நாளில் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

கறி இளகும் விதம்

ஆட்டின் தொடையும் தோளும் ஓயாமல் உழைத்த தசைகள். அவற்றின் நார்களைக் கட்டிவைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அதன் மூலக்கூறு. ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் இந்த முறுக்கு தளரத் தொடங்கும். ஆனால் தளர்ந்த கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் குழம்போடு கலக்க மணிக்கணக்கில் சூடு வேண்டும்.

சிக்கல் இதற்கு நடுவில்தான். கொலாஜன் கரையத் தொடங்கும் முன்பே மற்றத் தசைப் புரதங்கள் வெப்பத்தில் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். அடுப்பேற்றிய அரைமணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தால் இழுவையாக இருப்பது இதனால்தான். அந்தக் கட்டத்தைத் தாண்டி வேகவிட்டால் ஜெலட்டின் ஊறி வந்து, நார்களுக்கிடையே வழவழப்பைத் தரும். குழம்பு கெட்டிப்படுவதிலும் அதற்குப் பங்குண்டு. வயதான ஆட்டின் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் அதிகம். அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கம்பத்துக் கோழிக்கும் இதே விதிதான். பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்தில் சந்தைக்கு வந்துவிடும். அதன் இறைச்சி சீக்கிரம் வேகும், அதிகம் வெந்தால் உதிர்ந்துபோகும். மாதக்கணக்கில் மேய்ந்து வளர்ந்த கம்பத்துக் கோழியோ நின்று வெந்தால்தான் சுவை கொடுக்கும்.

பிரஷர் குக்கர் இந்த நேரத்தைச் சுருக்குகிறது. உள்ளே அழுத்தம் கூடுவதால் நீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். கொலாஜன் வேகமாகக் கரையும். ஆனால் மூடிய பாத்திரத்தில் நீர் வற்றாது. நீர் வற்றாமல் பெரட்டல் கிடையாது.

சத்தம் மாறும் நேரம்

பெரட்டலின் உயிர் கடைசி இருபது நிமிடத்தில் இருக்கிறது. கறி நீர் விட்டுக் கொதிக்கும்போது குவாலியிலிருந்து 'களக் களக்' என்ற தடித்த சத்தம் வரும். நீர் குறையக் குறைய அது மெலிந்து, 'சடசட' என்று பொரியும் சத்தமாக மாறும். ஓரங்களில் செந்நிற எண்ணெய் பிரிந்து கசியும். மசாலை அடியில் ஒட்டத் தொடங்கும். கரண்டியால் சுரண்டி, ஒரு கை நீர் தெளித்து, மறுபடி பிரட்ட வேண்டும். கறியின் நிறம் பழுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும்.

நீர் இருக்கும்வரை குவாலியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. நீர் வற்றியதும் எண்ணெயும் மசாலையும் 140 டிகிரியைக் கடக்கின்றன. அப்போது இறைச்சியின் அமினோ அமிலங்களும் வெங்காயத்தின் சர்க்கரைகளும் விறுவிறுவென வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மையார் 1912இல் விவரித்த வினை இது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆகவே குக்கரில் வேகவைத்து, பிறகு குவாலிக்கு மாற்றிச் சுருள வதக்கும் வீடுகளின் வழி அறிவியல்படியும் சரியானதே.

ஜமைக்கச் சமையலிலும் இதற்கு இணையான இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கோழியைப் போடும் முன் எண்ணெயில் பழுப்புச் சர்க்கரையைக் கருகும் பதத்துக்கு உருக்குவார்கள். ஆட்டுக்கறிக்கு மசாலைத் தூளை முதலில் சூடான எண்ணெயில் வறுப்பார்கள். மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதே அரிது, எண்ணெயில் கரையும். வாசனைத் தைலங்களில் பெரும்பாலானவையும் அப்படியே. நம் தாளிப்புக்குப் பின்னாலும் இதே காரணம்தான் இருக்கிறது.

மணத்திலும் ஓர் உறவு இருக்கிறது. ஜமைக்கர்கள் பிமென்டோ என்றழைக்கும் மிளகளவுக் காய், கிராம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரத்தில் காய்ப்பது. இரண்டின் வாசனைக்கும் முதன்மைக் காரணம் யூஜினால் என்ற ஒரே சேர்மம். பினாங்கில் பல தலைமுறைகளாகக் கிராம்பு பயிராகிறது. கிங்ஸ்டனில் கொதிக்கும் ஆட்டுக்கறியும் சிம்பாங் அம்பாட்டில் சுருளும் பெரட்டலும் மணத்தால் சொந்தம்.

பாலும் பயறும்

ஜமைக்கச் சோற்றில் சேரும் பயறு வழக்கமாகச் சிவப்பு பீன்ஸ். கிறிஸ்துமஸ் காலத்தில் அதன் இடத்தில் 'கங்கோ பீஸ்' வரும். அது வேறொன்றுமில்லை, துவரை. இந்தியாவில் பயிராக்கப்பட்ட துவரை ஆப்பிரிக்காவுக்குப் போய், அடிமை வணிகக் காலத்தில் கரீபியனை அடைந்தது. நாம் தோல் நீக்கி உடைத்துச் சாம்பாருக்குப் போடும் பருப்பை, அவர்கள் முழுதாகவும் பச்சையாகவும் சோற்றோடு வேகவைக்கிறார்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது நிறைய. பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். கறி வாங்கக் காசில்லாத நாள்களிலும் இரு ஊர்த் தொழிலாளரின் உடலுக்கும் ஓரளவு முழுமையான புரதம் கொடுத்தது இந்தக் கூட்டுதான்.

சிவப்பு பீன்ஸ் சமைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும் லெக்டின் நச்சு இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கொதிநிலையை எட்டாத மெதுசூட்டுப் பாத்திரத்தில் நேரடியாக வேகவைப்பது ஆபத்து.

தேங்காய்ப் பால் என்பது நீரில் நுண்துளிகளாகப் பரவிய கொழுப்பு. அந்தத் துளிகளைப் பிரித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். சுமார் 80 டிகிரிக்கு மேல் அந்தப் புரதம் திரள, கொழுப்பு பிரியும். இரண்டாம் பாலில் கறியை வேகவைத்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்குவது இதனால்தான். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் கொழுப்பில் கரைவது. ஆகவே பால் சேர்ந்ததும் உறைப்பு தணியும். கேப்சைசின் நாக்கில் எந்த உணர்வியைத் தூண்டுகிறது என்று 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஜமைக்கர்கள் தங்கள் கடுங்காரமான ஸ்காட்ச் பானட் மிளகாயைக் கீறாமல், முழுதாகச் சோற்றின்மேல் வைத்து வேகவிடுவார்கள். காரம் உள்ளே விதைகளைத் தாங்கும் வெள்ளைச் சதையில் தங்கிவிட, மணம் மட்டும் சோற்றில் இறங்கும். நம் சிலி பாடியிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

தட்டிலும் பாத்திரத்திலும் கவனம்

மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இந்நோய் கூடுதல். இதற்காக ஞாயிறு விருந்தைக் கைவிடத் தேவையில்லை. தட்டின் அளவை மாற்றினால் போதும். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' முறைப்படி, தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு கறி அல்லது மீன், மீதிப் பாதி காய்கறியும் பழமும். பெரட்டலுக்குப் பக்கத்தில் கீரையும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் இருந்தால் கணக்கு சரியாகிவிடும்.

மிச்சக் குழம்பு மறுநாள் ருசிப்பது உண்மை. மசாலையும் உப்பும் இரவு முழுக்கக் கறிக்குள் ஊறுகின்றன. ஆனால் பினாங்கு வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியில் வைக்கக் கூடாது. சோற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை. சோறு மெதுவாக ஆறும்போது பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சிறு பாத்திரங்களில் பிரித்து, சீக்கிரம் குளிர்பெட்டிக்குள் வைப்பதே வழி.

சேர்ந்து உண்பதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. 2011இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான தொகுப்பாய்வு, 17 ஆய்வுகளில் அடங்கிய 1,82,000க்கும் அதிகமான பிள்ளைகளின் தரவை அலசியது. வாரத்தில் மூன்று முறையாவது குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகள் சத்தான உணவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 24 விழுக்காடு அதிகம். அளவுமீறிய எடைக்கான வாய்ப்பு 12 விழுக்காடு குறைவு. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, குடும்பச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று நிறுவவில்லை. ஆனாலும் பொருட்படுத்த வேண்டிய தொடர்பு.

ஆனால் சேர்ந்து உண்ணும் நாள் எல்லார்க்கும் எளிதில் அமைவதில்லை. 2014இல் பத்து காவானில் தொடங்கும் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டதும் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் இந்த வட்டாரத்தில் பெருகின. ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு எல்லா ஞாயிறும் ஓய்வுநாள் ஆவதில்லை. வீட்டில் இருப்பவர்களுள் மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்பது இன்றும் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். ஊரே ஓய்வெடுக்கும் நாளில் அவர்களுக்கு மட்டும் ஓய்வில்லை. ஞாயிறுச் சாப்பாடு அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டுமென்றால் இந்த வேலைப்பங்கீடு மாறியே ஆக வேண்டும். வரும் ஞாயிறு வெங்காயம் உரிப்பதையும் தேங்காய் பிழிவதையும் பிள்ளைகளிடம் கொடுங்கள். நீர் வற்றிச் சத்தம் மாறும் அந்தக் கடைசி இருபது நிமிடம் அப்பாவோ மகனோ கரண்டியைப் பிடிக்கட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல்லட்டும்.