கருவியின் ஆயுளும் கடனின் தவணையும்

பெங்களூரு, ஐதராபாத், மும்பை போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் உள் அலங்கார வேலை செய்யும் தச்சர்களிடம் கம்பியில்லா நெயில் கன் மீதான நாட்டம் பெருகி வருகிறது. காரணம் எளிது. காற்றழுத்த நெயில் கன்னுக்குக் கம்ப்ரசர் வேண்டும். அதை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். மின் இணைப்பும் நீண்ட குழாயும் வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் பல, இரைச்சல் எழுப்பும் வேலைக்கு நேரக் கட்டுப்பாடும் விதித்துள்ளன. பேட்டரியில் இயங்கும் கருவிக்கு இத்தொல்லைகள் இல்லை. ஒரு கையால் பீடிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆணியை இறக்கிவிடலாம்.

ஆயினும், இக்கருவியின் விலை ஒரு தச்சரின் பல வாரக் கூலிக்குச் சமம். தவறாகத் தேர்ந்தெடுத்தால் கருவி மூலையில் கிடக்கும். தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். ஆகவே, வாங்குமுன் மனத்தில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: கடன் தீரும் முன் கருவி தீர்ந்துவிடலாகாது.

எந்த வகை, எந்த ஆணி?

கம்பியில்லா நெயில் கன்கள் இயங்கும் முறையால் மூவகைப்படும். முதல் வகை, சிறு எரிவாயுக் குப்பியைக் கொண்டு இயங்குவது. தடித்த மரச் சட்டங்களுக்கு ஏற்றது. ஆனால் குப்பியைத் தொடர்ந்து வாங்க வேண்டும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. இரண்டாம் வகையில், மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுழற்றி அந்த விசையால் ஆணியை அடிக்கிறது. மூன்றாம் வகையில், மூடிய அறைக்குள் அடைபட்ட காற்றோ நைட்ரஜனோ வில்போல் அழுத்தப்பட்டு, விடுபடும்போது ஆணியைத் தள்ளுகிறது. பின்னிரண்டுக்கும் பேட்டரி மட்டுமே போதும். உள் அலங்கார வேலைக்கு இவையே பொருத்தம்.

அடுத்து, ஆணியின் கனம். கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலியும். 23 கேஜ், ஊசி போன்ற மெல்லிய ஆணி. மென்மையான அலங்காரப் பட்டைகளுக்கு உரியது. 18 கேஜ் ஆணி ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிமன் உடையது, பீடிங், மோல்டிங், ப்ளைவுட் பட்டை ஆகியவற்றுக்கு இதுவே பெருவழக்கு. 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ.; கதவு நிலைச் சட்டத்தைச் சுற்றி வரும் பட்டை போன்ற கனமான வேலைக்கு உதவும்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. பீடிங் வேலையில் இறுதிவரை பிடித்து நிற்பது பெரும்பாலும் பசைதான். அது காயும்வரை பிடித்துக்கொள்வதே மெல்லிய ஆணியின் பணி. கீல், அலமாரியின் பாரம் தாங்கும் இணைப்பு ஆகியவற்றுக்குத் திருகாணியே வேண்டும். கருவேலம், சால் போன்ற கடின மரங்களில் மெல்லிய ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிப்படவும் கூடும். எனவே, நாம் அன்றாடம் கையாளும் மரத்துண்டு ஒன்றைக் கடைக்கே எடுத்துச் சென்று அடித்துப் பார்ப்பது நன்று.

கடையில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியது. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பொதுவாக மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் வைத்திருப்பவர், அதே வரிசையில் வரும் நெயில் கன்னைப் பேட்டரியின்றி வாங்கினால் கணிசமான தொகை மிச்சமாகும்.

இரண்டாவது, அக்கருவிக்குரிய ஆணி நாம் வேலை செய்யும் ஊரின் ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைக்குமா என்பது. 18 கேஜ் நேர்வரிசை ஆணி பரவலாகக் கிடைக்கிறது. சாய்வு வரிசை ஆணிகளைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழுதுநீக்கும் மையம். ஆணியைத் தள்ளும் தகடு, ரப்பர்த் தாங்கி, சீல் ஆகியவை தேயும் உறுப்புகள். அவை கிடைக்காவிட்டால் உயர்ந்த கருவியும் வீணே. வரிசை எண் குறித்த ஜி.எஸ்.டி. பில்லும், முத்திரையிட்ட உத்தரவாத அட்டையும் இன்றி வாங்கும் கருவி எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கத் தக்கதே.

எடையையும் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பேட்டரியோடு சேர்ந்த 18 கேஜ் கருவி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். காற்றழுத்தக் கருவியோ ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். மேற்கூரை வேலையில் இவ்வேறுபாட்டைத் தோள் உணரும்.

ஒரு நாளைக்கு என்ன செலவு?

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இத்தொகைகளுக்குப் பதிலாகத் தங்கள் கடைக்காரர் தரும் விலையை இட்டுக்கொள்க. கருவியும் இரு பேட்டரிகளும் ரூ.40,000, மூன்றாண்டுகளில் பேட்டரி மாற்ற ரூ.10,000, பழுதுபார்க்க ரூ.4,000, 5 சதவீத வட்டியில் 18 மாதக் கடனுக்கு வட்டி ஏறத்தாழ ரூ.1,600. மொத்தம் ரூ.55,600.

ஆண்டுக்கு 200 நாள் இதைப் பயன்படுத்துபவருக்கு, மூன்றாண்டில் 600 நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.93 ஆகிறது. ஆண்டுக்கு 60 நாள் மட்டும் பயன்படுத்துபவருக்கோ அதே கருவி நாளொன்றுக்கு ரூ.309 ஆகிறது. முன்னவர், கருவியால் மிச்சமாகும் நேரத்தைக் கொண்டே அத்தொகையை எளிதில் ஈட்டிவிடுவார். பின்னவர் வாடகைக்கு எடுப்பதோ, இருக்கும் கம்ப்ரசரைத் தொடர்வதோ அறிவுடைமை. ஒரே பட்டறையில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் காற்றழுத்தக் கருவியே சிக்கனம். கடன் கிடைக்கிறது என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணமாகாது.

கடன் வழிகள்

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தச்சும் ஒன்று. இதில் பயிற்சியோடு கருவித்தொகுப்பு வாங்க ரூ.15,000 வரை மின்னணு வவுச்சராக வழங்கப்படுகிறது. பிணையின்றி முதற்கட்டமாக ரூ.1 லட்சம் வரை 18 மாதத் தவணையிலும், அதை ஒழுங்காக அடைத்து உரிய நிபந்தனைகளை நிறைவுசெய்தவர்க்கு ரூ.2 லட்சம் வரை 30 மாதத் தவணையிலும் கடன் கிடைக்கும். கடனாளி செலுத்தும் வட்டி 5 சதவீதம். முதற்கட்டக் கடன் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.5,780 ஆகும். மாநிலந்தோறும் நடைமுறை வேறுபடுவதால், தகுதி பற்றி அருகிலுள்ள கிளையில் கேட்டறிக. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை பிணையற்ற கடன் பெறவும் வழியுண்டு.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்கள், கருவிக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால், வருமான வரிக்காக அதே வரித்தொகையையும் விலையில் சேர்த்துத் தேய்மானம் கோரினால் அவ்வரவு கிடைக்காது.

பராமரிப்பே லாபம்

காற்றழுத்தக் கருவிக்கு நாள்தோறும் எண்ணெய் விட்டுப் பழகிய கை, பேட்டரிக் கருவிக்கும் விட முனையும். கையேடு கூறினாலன்றி அவ்வாறு செய்யலாகாது. எண்ணெயில் மரத்தூள் ஒட்டிப் பசையாகிவிடும். மாலையில் ஆணித்தட்டையும் முனையையும் உலர்ந்த தூரிகையால் துடைத்தல் போதும். முனையிலுள்ள பாதுகாப்புத் தொடுவான் தடையின்றி உள்ளே சென்று வெளிவருகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஆணி சிக்கிக்கொள்ளும். கடலோர நகரங்களில் ஆணிப் பெட்டியை மூடிய டப்பாவில் வைத்தல் நலம்.

பேட்டரிக்குப் பகை வெப்பம். மொட்டை மாடியிலும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கலாகாது. சூடாயிருக்கும் பேட்டரி ஆறிய பின்னரே சார்ஜ் செய்க. சில வாரங்கள் வேலை இல்லையெனில் பாதியளவு சார்ஜில் கழற்றி வைப்பது அதன் ஆயுளைக் கூட்டும். அழுத்த அறை கொண்ட கருவியைத் தாமே பிரிக்க முயலலாகாது. அது பயிற்சி பெற்றவர் பணி.

விரலுக்கு விலையில்லை

விசை இரு முறைகளில் இயங்கும். ஒன்றில், ஒவ்வோர் ஆணிக்கும் முதலில் முனையை மரத்தில் அழுத்தி, பிறகே விசையை இழுக்க வேண்டும். மற்றொன்றில், விசையை இழுத்தபடியே முனை தொடுமிடமெல்லாம் ஆணி பாயும். வேகம் குறைந்தாலும் முதல் முறையே பாதுகாப்பானது. ஆணி சிக்கினால், முதலில் பேட்டரியைக் கழற்றி, பின்னரே கை வைக்க வேண்டும். ஆணி மர இழையின் போக்கில் திரும்பக் கூடுமாதலால், பிடிக்கும் கை முனையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கண்ணாடியும் காதடைப்பானும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

தவணை செலுத்தும் ஒவ்வொரு மாதமும் பழுது நீக்கத்துக்கென ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் இட்டு வருக. கடைசித் தவணை கட்டி முடிந்த மறுநாளும் அக்கருவி வேலைக்குப் புறப்படுமாயின், அன்று முதல் அது ஈட்டித் தருவது முழுவதும் தங்களுக்கே உரியது.